அக்காவுக்கு நான் வைத்த பரீட்சை

1

போன வாரம் என் மகள் கிரேஸ் என்னைச் சோதித்தாள். அவளுக்குப் பதினொரு வயது. பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நான் பாத்திரம் கழுவிக்கொண்டே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்ல வேண்டும். முதலில் ஆங்கிலத்தில், அப்புறம் தமிழில். ஆங்கிலத்தில் கழித்தபோது தட்டுகள் சுத்தமாயின, கணக்கு தப்பியது. தமிழில் கழித்தபோது கணக்கு சரியாக வந்தது, கை நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிரேஸுக்குத் தமிழ் எண்கள் இருபதுக்கு மேல் தெரியாது. அதனால் தமிழ்க் கணக்கு முழுவதையும் தப்பு என்றே குறித்துக்கொண்டாள். பிறகு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'என் அப்பாவால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய முடியாது. தமிழில் ஒன்றுகூட முடியாது.'

இதே விஷயத்தைச் சொல்வதற்குத்தான் எனக்கு இங்கே சம்பளம் தருகிறார்கள். காருக்குள் டெலிபோன் வைத்தால் எத்தனை பேர் பேசிக்கொண்டே மரத்தில் மோதுவார்கள் என்று முன்கூட்டியே சோதித்துச் சொல்வது என் உத்தியோகம். "இதைச் சொல்றதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகோணுமா?" என்று ஊரில் கேட்பீர்கள். போக வேண்டியிருந்தது.

அட்டையை எழுதி முடித்துவிட்டு கிரேஸ் ஆங்கிலத்தில் கேட்டாள், நான் சோதித்தவர்களிலேயே கெட்டிக்காரர் யார் என்று.

"உன் அத்தை."

"போன்ல பேசுவாங்களே, அந்த எஸ்தர் ஆன்ட்டியா?" அவளும் அவள் அத்தையும் பேசுவது மாதம் ஒரு முறை. 'சாப்டியா கண்ணு?' 'சாப்டேன்.' அத்தோடு இருவருக்கும் பொதுவான மொழி தீர்ந்துவிடும். "அவங்க எவ்வளவு மார்க்?"

தொலைக்காட்சியில் ஏதோ வந்தது, அவள் போய்விட்டாள். அதைச் சொல்லும் அளவுக்கு என் ஆங்கிலத்தில் வெட்கம் கிடையாது. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

2

கோயமுத்தூரிலிருந்து இந்தக் குளிர்ப் பிரதேசத்துக்கு உளவியல் ஆராய்ச்சி மாணவனாக வந்து சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த புதிதில் பேராசிரியர் எதைக் கேட்டாலும் 'எஸ்ங்க', 'நோங்க' என்றுதான் வாயில் வரும். அவர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எனக்கு மூக்கில் ஏதோ அடைப்பு என்று முடிவு செய்து பல்கலைக்கழக மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். கொங்கு நாட்டு மரியாதைக்கு அமெரிக்காவில் சைனஸ் என்று பெயர்.

அவருடைய கொள்கை எளிமையானது. மனதுக்கு ஒரே வாசல். இரண்டு வேலைகள் சேர்ந்து வந்தால், ஒன்று உள்ளே நுழையும்வரை மற்றது வெளியே நிற்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரர்கள் வேறு பல்கலைக்கழகங்களில் இருந்தார்கள். அவர்கள் சொன்னது: மனதுக்குள் பல தொட்டிகள். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. வெவ்வேறு தொட்டியிலிருந்து மொண்டால் இரண்டு வேலையும் சண்டையில்லாமல் நடக்கும். இரண்டு கட்சிக்காரர்களும் மாநாட்டு விருந்தில் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள்.

சண்டையைத் தீர்க்க எங்களிடம் ஒரு சோதனை இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு புள்ளி அலையும். ஒரு கைப்பிடியை அசைத்து அதை வட்டத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். அதே நேரத்தில் 'கீ' என்று ஒரு சத்தம் வரும். உயர்ந்த சத்தமானால் 'மேல்', தாழ்ந்த சத்தமானால் 'கீழ்' என்று வாயால் சொல்ல வேண்டும். சத்தம் வரும்போதெல்லாம் புள்ளி நழுவினால் எங்கள் வாசல் வென்றது. நழுவாவிட்டால் அவர்களுடைய தொட்டி. சோதனைக்கு வந்தவர்கள் முதல் வருட மாணவர்கள், வந்தால் மதிப்பெண் உண்டு என்பதற்காகப் பாதித் தூக்கத்தில் வந்தவர்கள். 'மனித மனம் இவ்வாறு இயங்குகிறது' என்று புத்தகங்களில் படிக்கிறீர்களே, அது இவர்களுடைய மனம்தான்.

"பழக்கமில்லாத பிள்ளைகளை வைத்துச் சோதித்தால் எப்படி? வருடக்கணக்கில் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்து பழகியவரைக் கொண்டுவாருங்கள்" என்று எதிர்க்கட்சி எழுதியது. பேராசிரியர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன்.

3

என் அக்கா எஸ்தர் கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். எங்கள் அப்பாவும் அம்மாவும் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள், அதாவது வருடக் கூலிக்கு. மிஷன் விடுதியில் தங்கிப் பத்தாவது முடித்த அக்கா, பத்தொன்பது வயதில் அந்த டெலிபோன் போர்டின் முன் உட்கார்ந்தாள். நான் கல்லூரிக்குப் போனது அவள் உட்கார்ந்திருந்ததால்தான்.

அந்த வருடம் விடுமுறைக்கு வந்தபோது, ஒரு முற்பகல் முழுவதும் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய போர்டு. வரிசையாகச் சின்ன விளக்குகள், எதிரே சொருகுவதற்குக் கயிறுகள். காதில் ஹெட்போன். இடது பக்கம் ஒரு ஜன்னல். ஆஸ்பத்திரிக்குள் வழி தெரியாதவர்கள் எல்லோரும் அங்கேதான் தலையை நீட்டுவார்கள்.

நான்கு விளக்குகள் ஒன்றாக எரிந்தன.

"வணக்கமுங்க... எங்கீங்க? கோத்தகிரி ரோட்டுலயா? வேன் கவுந்துருச்சா? எத்தனை பேருங்க? மேட்டுப்பாளையத்துல இருந்து வண்டி கிளம்பிருச்சா? செரீங்க, நீங்க லைனை வெச்சுராதீங்க." ஒரு கயிறு இங்கே, ஒரு கயிறு அங்கே. "கேசுவால்டி, வேன் ஆக்ஸிடெண்ட், ஏழு பேரு, ஒரு மணி நேரத்துல வந்துருவாங்க." இன்னொரு கயிறு. "டாக்டர் ஊடுங்களா? அம்மா, அவுரு குளிச்சிட்டிருந்தாலும் கூப்புடுங்க." ஜன்னலில் ஒரு கிழவர். அவரைப் பார்க்காமலேயே, "பிரசவ வார்டு மேல மாடிங்க, லிஃப்டு வேலை செய்யலை, படியேறிப் போயிருங்க." மறுபடி கயிறு. "பிளட் பேங்க்கா?"

ஐந்தே நிமிடம். ஒரு கயிறுகூட மாறவில்லை. என் பேராசிரியரின் வாசல் கதவு கண்ணெதிரே பெயர்ந்து விழுவதைப் பார்த்தேன், மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அவர் தோற்றாலும் கட்டுரையில் என் பெயர் வருமே.

4

ஆனால் அமெரிக்காவில் ஒரு மனிதரைச் சோதிக்க, மனிதர்களைப் பாதுகாக்கும் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்கு நாலு மாதம் ஆயிற்று. 'பங்கேற்பவர் உங்களுடைய சகோதரி என்பதால், உங்களிடம் முடியாது என்று சொல்லக்கூடிய நிலையில் அவர் இருக்கிறாரா?' என்று ஒரு கேள்வி. 'என் அக்காவை நீங்கள் பார்த்ததில்லை' என்று வேடிக்கையாகப் பதில் எழுதினேன். குழுவுக்கு வேடிக்கை பிடிக்கவில்லை; படிவம் திரும்பி வந்தது. இதையெல்லாம் நண்பர்களுக்குக் கடிதம் எழுதிச் சிரித்தேன்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் பெயர்த்தவனும் நான்தான். அதில் இரண்டு வரி: 'இந்தச் சோதனையால் உங்களுக்கு எந்தத் தீங்கும் நேராது. உங்கள் முடிவுகள் வேறு யாரிடமும் காட்டப்பட மாட்டா.'

அடுத்த விடுமுறையில் செங்கல் போல ஒரு மடிக் கம்ப்யூட்டருடன் வந்து இறங்கினேன். அக்கா படிவத்தை முழுவதும் படித்தாள்.

"இதெல்லாம் எதுக்கு கண்ணு? நீ எனக்குக் கெடுதல் செஞ்சுபோடுவியா?" என்று கேட்டபடியே கையெழுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஆபரேட்டர்கள் இரண்டு பேர். இன்னொருத்தி புதிதாகச் சேர்ந்த இளம்பெண்; அவளும் கையெழுத்திட்டாள். எக்ஸ்ரே அறைக்குப் போகும் வழியில் ஒரு காலி அறையைக் கொடுத்தார்கள். இளம்பெண் முதலில் உட்கார்ந்தாள். புள்ளி அவளிடமிருந்து ஓடிக்கொண்டே இருந்தது; ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் 'மேல்', 'கீழ்' என்று தவறாமல் சொன்னாள்.

அடுத்து அக்கா. கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்தாள். புள்ளி வட்டத்தின் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. 'கீ' என்றது கம்ப்யூட்டர். அக்கா வாயைத் திறக்கவில்லை. மறுபடி 'கீ'. முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

அப்போது கதவிடுக்கில் ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, எக்ஸ்ரே எங்கீங்க?"

"நேராப் போயி வலது பக்கம் ரெண்டாவது கதவுங்க. வெறும் வயித்துல வந்திருக்கீங்களா? சீட்டுல டாக்டர் என்ன எழுதியிருக்காருன்னு பாத்துக்குங்க."

அவ்வளவு நேரமும் புள்ளி நடுவிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் அந்தப் பெண்மணியைப் பதிவு செய்யவில்லை. அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை.

சோதனை முடிந்ததும் கேட்டேன். "ஏங்க்கா, சத்தத்துக்கு ஏன் பதில் சொல்லலை?"

"சொல்லோணும்னுதான் இருந்தேன். ஆனா அதுக்கு அக்கட்டால பேசறதுக்கு ஆளே இல்லையே கண்ணு."

நான் சிரித்தேன். தாளில், எல்லோருக்கும் புரியும் மூன்று வார்த்தைகளில், அவள் பெயருக்கு எதிரே வந்திருந்தது: 'இரண்டாம் பணி: தோல்வி.' இளம்பெண்ணின் பெயருக்கு எதிரே 'வெற்றி'.

5

அமெரிக்காவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஆஸ்பத்திரி மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அறை கொடுத்தவர், நன்றி சொல்லப் போனேன். அவர் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா பண்ணையம் இருந்த தோட்டம் அவருடைய பெரியப்பாவுடையது. அந்தக் குடும்பத்தின் சின்னப் பையன்களைக்கூட அப்பா 'பண்ணாடி', அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் அப்பாவை 'ஏப்பா', 'டேய்' என்பார்கள். கொங்கு நாட்டில் எல்லார் வாயிலும் எல்லாருக்கும் 'ங்க' உண்டு என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். எங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் வேறு கணக்குச் சொல்லியிருப்பார். சாகும்வரை அந்த வீட்டு வளவிலிருந்து ஒரு 'ங்க' அவருக்கு வந்ததில்லை.

மேலாளர் எழுந்து நின்றார். "ஏனுங்க டாக்டர், வாங்க, வாங்க. உக்காருங்க."

நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை. திருத்தவும் இல்லை. உட்கார்ந்தேன். பீங்கான் கோப்பையில் காப்பி வந்தது.

"நம்மூருக்கே பெருமைங்க. அப்புறம்... ரெண்டு பேருத்து ரிசல்ட்டும் ஒரு காப்பி குடுத்துட்டுப் போனீங்கன்னா நல்லாருக்குமுங்க. சும்மா ரெக்கார்டுக்கு."

பையில் இரண்டு ஒப்புதல் படிவங்களும் இருந்தன. யாரிடமும் காட்டப்பட மாட்டா என்று நான் பெயர்த்த வரிகள். எதற்கு ரெக்கார்டு என்று கேட்டிருக்கலாம். அவர் பேசிய ஏழெட்டு வாக்கியங்களில் எத்தனை 'ங்க' என்று மனம் எண்ணிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் இன்னொரு யோசனைக்கு இடமில்லை. என் பேராசிரியரின் ஒரே வாசல் கொள்கைக்கு இதைவிட நல்ல நிரூபணம் நான் இதுவரை பார்க்கவில்லை.

தாள்களைக் கொடுத்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

இங்கே திரும்பியதும் பேராசிரியர் அக்காவின் எண்களைப் பார்த்தார். மற்றவர்களோடு ஒட்டவே இல்லை, எடுத்துவிடு என்றார். எக்ஸ்ரே கேட்ட பெண்மணியைப் பற்றிச் சொன்னேன்.

"டேனியல்," என்றார் கனிவாக, "அது ஆய்வு முடிவு இல்லை. குடும்பக் கதை."

எடுத்துவிட்டேன்.

6

எட்டு மாதம் கழித்து, இங்கே காலை நேரம், ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். வழக்கமாக அக்காவின் குரல்தான் எடுக்கும். அன்று ஒரு பதிவு செய்த ஆங்கிலக் குரல் எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். சங்கீதம் வந்தது. ரொம்ப நேரம் கழித்து அந்த இளம்பெண் வந்தாள்.

"எஸ்தருங்களா? அவுங்க இப்ப போர்டுல இல்லீங்க. ரெக்கார்டு ரூமுங்க. அங்க லைன் இல்லீங்க."

மறுநாள் அக்கா வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"ரெக்கார்டு ரூம்ல என்னக்கா பண்றே?"

"பழைய கேஸ் கட்டை நம்பர் வாரியா அடுக்கறேன். புது போர்டு வந்துருச்சு, ஒருத்தருதான் வேணும்னாங்க. அமெரிக்கா டெஸ்டுல அந்தப் புள்ளைதான் பாஸ்."

"எனக்கு ஏன் சொல்லலை?"



"நீ குடுத்த பேப்பர்தானே கண்ணு? உனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

கோபமில்லை அந்தக் குரலில். கேஸ் கட்டின் நம்பரைப் படிப்பது போலச் சொன்னாள்.

உடனே மேலாளருக்கு எழுதியிருக்க வேண்டும். 'என் சோதனை நீங்கள் நினைப்பதை அளக்கவில்லை' என்று ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியை எழுதினால், அதே சோதனையை நம்பி எழுதிய என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் என்னத்துக்கு ஆகும்? முடிவை வெளியே கொடுத்தேன் என்று குழுவுக்குத் தெரிந்தால்? ஆய்வேட்டை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. காலையில் குற்ற உணர்ச்சியோடு எழுந்து, மாலைவரை அத்தியாயங்கள் எழுதி, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். ஒன்றால் மற்றதற்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. பல தொட்டிக் கொள்கைக்காரர்கள் என்னைச் சோதித்திருக்கலாம்.

பட்டம் கிடைத்தது. இப்போது நிஜமாகவே டாக்டர்.

7

புது போர்டு நன்றாக இல்லை என்று முதலில் சொன்னவர்கள் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். கிராமத்திலிருந்து எண்ணைச் சுழற்றும் பழைய போனில் கூப்பிடுபவர்கள் எதை அழுத்துவது? அந்த இளம்பெண் வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்தாள். விபத்தும் விசிட்டிங் நேர விசாரிப்பும் அவளுக்கு ஒன்றுதான். யார் புகார் சொல்லியும் எதுவும் மாறவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி முதலாளியின் மாமியாருக்கு மூச்சுத் திணறல். வீட்டிலிருந்து போன் செய்தவர்கள் கால் மணி நேரம் சங்கீதம் கேட்டார்கள். மாமியார் பிழைத்துக்கொண்டார். மறுவாரமே அக்காவை போர்டுக்குக் கூப்பிட்டார்கள்.

அக்காவே என்னைக் கூப்பிட்டாள், முதல் முறையாக.

"ஒரு வாரமா போர்டுல சும்மா உக்கார வெச்சு வேலை வாங்கறாங்க. ஆர்டர் போட மாட்டேங்கறாங்க. ஃபைல்ல தோல்வின்னு பேப்பர் இருக்குதாமா. ஒரு டெஸ்டை ரத்து பண்ணோணும்னா இன்னொரு டெஸ்டு வேணுமாம். அதே டாக்டர்தான் குடுக்கோணுமாம்."

"அக்கா, அந்த டெஸ்டே தப்பு. மறுபடியும் அதை எப்படி..."

"பொய்யா எழுதித் தரச் சொல்லலை. நீ டெஸ்டு பண்ணு. இப்பவே பண்ணு. நான் வேலையைப் பாக்கறேன், நீ கேட்டுக்கிட்டு இரு." ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

"வணக்கமுங்க... சித்த இருங்க... குழந்தை முழிச்சுப் பாக்குதுங்களா? அப்பச் செரி, உடனே கூட்டிட்டு வாங்க, கேசுவால்டிக்குச் சொல்லிப்போட்டேன்... டாக்டர், உங்க பில்லு விஷயம் அப்புறமுங்க... ஏனுங்க, ஆர்த்தோ வார்டு அந்தக் கடைசிங்க... அம்மணி, அழுகாதீங்க, எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க..."

நடுவில் யாரோ பெரிய மனிதர் அதட்டினார் போலிருக்கிறது. "நீங்க நிக்கலாமுங்க, ஒண்ணும் ஆகாது," என்றாள் அக்கா மிகுந்த மரியாதையோடு.

இருபத்தைந்து நிமிடம். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்கிறவளா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அப்படிச் செய்யவே இல்லை. யார் காத்திருக்கலாம், யார் கூடாது என்று ஒவ்வொரு குரலின் முதல் இரண்டு வார்த்தையிலேயே தெரிந்துகொண்டாள். அதற்கு எங்கள் துறையில் வாசலும் இல்லை, தொட்டியும் இல்லை. என் நோட்டில் ஒரு எண்கூட இல்லை.

ரிசீவரை எடுத்தாள். "இருக்கியா கண்ணு?"

"இருக்கேங்க்கா."

"நீ நிப்பேன்னு தெரியும். அதான் உன்னைக் கடைசியா வெச்சேன்."

அன்றே பல்கலைக்கழகத் தாளில் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். 'எஸ்தரை மீண்டும் சோதித்தேன். அந்த வேலையில் அவரைவிடத் திறமையானவரை நான் கண்டதில்லை. என் முந்தைய சோதனை அந்தத் திறமையை அளக்கவில்லை. இரகசியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு முடிவை உங்களிடம் தந்தது என் குற்றம். அதை வைத்து அவரை போர்டிலிருந்து எடுத்தது உங்கள் குற்றம். நான் அன்று மறுக்காததற்குக் காரணம், நீங்கள் எனக்கு நாற்காலி கொடுத்ததுதான்.' கடைசி வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டு மூன்று முறை எழுதினேன். ஒரு நகலை மனிதர்களைப் பாதுகாக்கும் குழுவுக்கும் அனுப்பினேன்.

குழு ஒவ்வொரு வரியையும் படித்தது. விசாரணை வைத்தது. ஒரு வருடம் நான் யாரையும் சோதிக்கக் கூடாது என்றது. கையில் வந்திருந்த ஒரு வேலை அதனால் போயிற்று. பேராசிரியர் பேச்சை நிறுத்திக்கொண்டார். இவ்வளவும் நியாயம்தான், அவர்களிடம் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் தவித்துக்கொண்டு காத்திருந்தது கோயமுத்தூரின் பதிலுக்குத்தான். மேலாளர் சீறுவாரா, வெட்கப்படுவாரா, அக்காவின் மேல் பாய்வாரா? ஒரு மாதம் பொறுத்துவிட்டு போர்டுக்குக் கூப்பிட்டேன். அக்காதான் எடுத்தாள்.

"ஆர்டர் போட்டாச்சு. ரெண்டு வாரம் ஆச்சு."

"லெட்டரைப் படிச்சுட்டு என்னக்கா சொன்னாரு?"

"யாரு படிச்சா? கீழ வட்டமா சீல் இருக்குதான்னு பாத்தாங்க. இருந்துச்சு, ஃபைல்ல சேத்துட்டாங்க. என்ன அப்படி எழுதியிருந்தே?"

சொல்ல ஆரம்பித்தேன்.

"இரு, லைன் வருது," என்றாள் அக்கா.